உழைப்பு என்றொரு கதையாடல்: பனியன் ஊரில் நிர்வாக நூல்களை வாசித்தல்

சனிக்கிழமை ராத்திரி திருப்பூர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வாரச் சம்பளத்தைக் கையில் வாங்கிய பையன்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் பிளாட்பாரத்துப் புத்தகக் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கள்ள அச்சில் பாதி விலைக்கு வருகிற புத்தகங்கள். பணக்காரன் ஆவது எப்படி, தலைவன் ஆவது எப்படி, எண்ணம்போல் வாழ்வது எப்படி. தையல் ஊசி குத்திய விரலால் பக்கம் புரட்டி, பின்னட்டையை உதட்டசைவில் படித்து, இருநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கடையில் 'கருக்கு' கிடைக்காது. 'பழையன கழிதலும்' கிடைக்காது. நம் பத்திரிகை எதுவும் கிடைக்காது.

நம் கூட்டங்களில் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தோழர்கள் சிரிக்கிறார்கள். முதலாளித்துவக் குப்பை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். குப்பையாகவே இருக்கட்டும். குப்பை அள்ளவென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் நான். அதைக் கிளறிப் பார்க்காமல் தாண்டிப் போக எனக்குத் தெரியாது. நம் சேரிப் பையன்கள் கைக்காசு போட்டு வாங்கிப் படிக்கிற ஒரே எழுத்து இதுதான் என்றால், அதை வாசித்துக் காட்டுவது நம் விமர்சனத்தின் வேலை இல்லையா?

என் அக்கா மகன் ஒருவன். பதினாலு வயதில் கைமடிக்கு வந்து, ஓவர்லாக் ஓட்டப் பழகி, இருபத்தேழு வயதில் நல்ல டெய்லர் என்று பேர் வாங்கியவன். இந்தப் புத்தகங்களில் ஏழெட்டு அவனிடம் இருந்தன; பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தான். 2018இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினான். செகண்ட் ஹேண்டில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பது. வாடகைக்கு இடம் பார்த்தான். போனில் சரி என்றவர் நேரில் வந்ததும் எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னான். அட்வான்ஸ் இரண்டு மடங்கானது. பேங்குக்குப் போனான். காலனி வீட்டைக் காட்டினான். அது நிபந்தனைப் பட்டா, அடமானத்துக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். வட்டிக்கு வாங்கினான். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய லாட்டுகள்தான் அவனுக்கு வந்தன. அதிலும் டேமேஜ் பிடித்தம் போக மீதி. பில் தொண்ணூறு நாள். பக்கத்து யூனிட்காரருக்கு அதே கம்பெனியில் பதினைந்து நாளில் பில் பாசானது. அவர் கம்பெனிக்காரருக்குப் பங்காளி முறை. டெய்லர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் தொண்ணூறு நாள் காத்திருக்குமா? பதினாலாவது மாதம் மிஷின்களை விற்றான். இப்போது வேறொருவர் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறான்.

மிஷின் ஏற்றிய வண்டி போன அன்று என்னிடம் சொன்னான்: "எங்கிட்டத்தான் என்னமோ கொறையுதுங்க மாமா. அந்த ஏழு பழக்கத்துல ரெண்டு மூணு எனக்கு இன்னும் வர்ல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவன் சொன்னது ஸ்டீபன் கவி எழுதி 1989இல் வந்த புத்தகம். பயனுள்ள மனிதர்களுக்கு ஏழு பழக்கங்கள் உண்டு என்று சொல்வது. அதற்கு முந்தியது நெப்போலியன் ஹில் 1937இல் எழுதியது. நினைத்தால் பணக்காரன் ஆகலாம் என்பது அதன் சாரம். பிந்தியது ராபர்ட் கியோசாகி 1997இல் வெளியிட்ட பணக்கார அப்பா, ஏழை அப்பா கதை. படித்து அரசு வேலை பார்த்த அப்பா ஏழையாகவே இருக்கிறார். நண்பனின் அப்பா பணத்தைப் பெருக்கக் கற்றுக் கொடுக்கிறார். நம் தமிழில் இந்த வகைக்கு மரியாதையான பெயர் எம்.எஸ். உதயமூர்த்தி. அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பி வந்து, கூனிக் கிடந்த ஒரு தலைமுறையை நிமிர்ந்து உட்காரச் சொன்னவர். 'எண்ணங்கள்' படித்துவிட்டு விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து குளித்தவர்களில் நானும் ஒருவன். 1988இல் 'உன்னால் முடியும் தம்பி' படம் வந்தபோது கதாநாயகனுக்கே உதயமூர்த்தி என்று பேர் வைத்தார்கள். 'தம்பி' என்று கூப்பிட்டவுடன் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஊருக்குள் எங்களை யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை அல்லவா.

இந்தப் பிரதிகளின் பொதுவான இயங்குமுறை என்ன? ஒரு மனிதன். அவனுக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, அப்பன் பேரைக் கேட்டு உள்ளே விடுகிற வாசல் இல்லை. அவனும் அவன் மனசும் மட்டும். வென்றால் மனசு வென்றது. தோற்றால் மனசு தோற்றது. சாதி என்கிற சொல் வராத காரணத்தாலேயே இவை நமக்கு முதலில் இனிக்கின்றன. சாதியைக் கேட்காத ஒரே ஆசிரியர் இந்தப் புத்தகம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் கேட்காமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. வீடு சொத்தல்ல, அது கடன் என்று கியோசாகி வாதாடுகிறார். பேங்க் அடமானத்துக்கே எடுக்காத வீட்டை என்னவென்று சொல்வது? 1892இல் வெள்ளைக்காரன் அரசாணை போட்டு ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுவது, எந்தப் பழக்கம் இல்லாததால் கை மாறியது?

இந்த ஊரைப் பற்றியே, இந்த ஊர் முதலாளிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. ஷரத் சாரி எழுதிய 'ஃப்ரெட்டர்னல் கேப்பிடல்'. 2004இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. சகோதர மூலதனம் என்று மொழிபெயர்க்கலாம். எனக்குப் 'பங்காளி முதல்' என்றால்தான் சரியாகப் படுகிறது. பங்காளி என்றால் ஒரே குலத்தில் பிறந்தவன். பங்காளி என்றால் தொழிலில் பங்கு வைத்தவன். திருப்பூரில் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் அந்தப் புத்தகம் முழுக்கச் சொல்லும் விஷயம்.

எங்கள் படிப்பகத்தில் அதைச் சேர்ந்து படித்தோம். எம்.ஏ. படிக்கிற ஒரு பையன் ஜெராக்ஸ் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு பத்தி இங்கிலீஷில் படிப்பான், நான் அகராதி பார்ப்பேன், மற்றவர்கள் அது உண்மையா பொய்யா என்று சொல்வார்கள். எங்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர்கள். மூன்று மொழி தாண்டித்தான் எங்கள் ஊர்க் கதை எங்களிடம் வந்து சேர்ந்தது.

சாரி 1990களின் பின்பாதியில் இங்கே தங்கியிருந்தார். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று முதலாளிகளைக் கேட்டபோது திரும்பத் திரும்ப ஒரே பதில் வந்தது: உழைப்பு. படிப்பு இல்லை, பணம் இல்லை, உழைப்பே எங்கள் முதல் என்றார்கள். அவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, நம்பிவிடவும் இல்லை. அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறார். கணிசமான முதலாளிகள் கொங்கு வேளாளக் கவுண்டர்கள். சின்ன, நடுத்தரக் குடியானவக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாகவே தொடங்கியவர்கள். வறண்ட மேட்டாங்காட்டில் கிணறு வெட்டி, ஆளோடு ஆளாகத் தானும் இறங்கி வேலை செய்த விவசாயம் அவர்களுடையது. தானும் வேலை செய்துகொண்டே கூட வேலை செய்பவனையும் வேலை வாங்குகிற வித்தை அங்கே பழகியது. அந்த வித்தை காட்டிலிருந்து கம்பெனிக்கு வந்தது என்கிறார். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், செக்கிங் வேறு வேறிடம் என்று சிதறிக் கிடக்கிற தொழில், ஊரே ஒரு கம்பெனிபோல் ஓடுவதற்குப் பின்னால் இருப்பது குலம், கலியாணம், கைமாத்து, வாக்கு. தொழிற்சங்கத்தை உள்ளேயிருந்து பார்த்தவர்களே முதலாளியானதால் சங்கத்தை எங்கே உடைக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. 1980களின் நடுவில் எக்ஸ்போர்ட் பெருகியபோது பெண்களைப் பெருவாரியாக உள்ளே கொண்டுவந்தது எப்படி, என்ன கூலிக்கு என்பதையும் விடாமல் எழுதுகிறார்.

அவர்கள் உழைப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு எங்கள் தாத்தனோடு கவலை ஓட்டிய சின்னப் பண்ணாடிகளைப் பற்றித் தாத்தனே சொல்லியிருக்கிறார். வெய்யில் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் சுட்டிருக்கும். ஆனால் கிணற்றுப் பாறையை உடைத்தவர்கள் யார்? மண் கூடை சுமந்தது யார்? கவலைப் பறிக்குத் தோல் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தது யார்? எங்கள் ஆட்கள் தைத்த தோலில்தான் கொங்கு நாட்டுத் தண்ணீர் மேலே ஏறியது. தண்ணீர் ஏறிய பிறகு அந்தத் தோலைத் தொட்ட கை அதே கிணற்றுப் படியில் இறங்கக் கூடாது. கிணறு நிலத்தோடு சேர்ந்தது, நிலம் பட்டாவோடு சேர்ந்தது, பட்டா பேங்கோடு சேர்ந்தது, பேங்க் மிஷினோடு சேர்ந்தது. எங்கள் தாத்தனின் உழைப்பு வருசக் கூலியோடு தீர்ந்தது. தீரவும் இல்லை, முன்பணத்துக்குக் கழிந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கிற சிறுவர்கள் வருகிறார்களே, அவர்களை வைத்துக்கொண்டு சாரியைப் படித்தால்தான் படம் முழுசாகத் தெரியும். தொழில் நிர்வாகம் படிக்கிற மாணவர்களுக்கு அந்த நாவலைப் பாடமாக வைக்கலாம் என்பது என் கட்சி. சிரிக்க வேண்டாம், நிசமாகத்தான் சொல்கிறேன்.

புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது ஒரு சண்டை வந்தது. முதலாளிகள் தமிழில் சொன்னதை அவர் இங்கிலீஷில் 'டாய்ல்' என்று எழுதுகிறார். அதைத் திரும்பவும் தமிழுக்குக் கொண்டுவந்தால் உழைப்பு என்றுதானே போட வேண்டும்? எம்.ஏ. பையன் அப்படித்தான் போட்டான். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றிய இடங்களிலும் உழைப்பு என்றே போடலாமா என்று கேட்டேன். எங்கள் வளவில் யாரும் அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. வேலைக்குப் போறேன், கூலிக்குப் போறேன், பாடு படறேன், பண்ணயம் இருந்தேன் என்பார்கள். உழைச்சேன் என்று சொல்லுகிறவன் பலனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறான். இருபத்தாறு வருசம் செக்கிங்கில் நின்று கண் மங்கிப் போன ஒரு அக்கா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவிய செஞ்சா உழைப்பு, நாம செஞ்சா வேலை. அப்பிடியே எழுதிப்போடு கண்ணு" என்றார்.

இதில் நம் இடதுசாரித் தோழர்களும் யோசிக்க ஒன்று இருக்கிறது. மே தினத்துக்கு மெரினா உழைப்பாளர் சிலையை நோட்டீசில் அச்சடிக்கிறோம். உழைப்பு என்பதை எல்லாருக்கும் பொதுவான, கறையில்லாத ஒரு சொல்லாக வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை முதலாளி எடுத்துக்கொண்டு போய்ச் சுயசரிதை எழுதிவிட்டார். மலத்தைச் சுமந்ததும் தோலை உரித்ததும் அந்தச் சொல்லுக்குள் எப்போது இருந்தன?

சாரியின் புத்தகத்தில் எனக்கு உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். தலித்துகள் அதில் வருகிறார்கள். காட்டில் வேலை செய்தவர்களாக, கம்பெனியின் கீழ்த்தட்டில் இருப்பவர்களாக. ஆனால் புத்தகத்தின் கேள்வி, இவர்கள் எப்படி முதலாளி ஆனார்கள் என்பது. கூடவே நின்றவர்கள் ஏன் ஆகவில்லை என்பது அதன் கேள்வி அல்ல. கதையாடலின் மையம் கவுண்டர் ஆணாகவே நிற்கிறது. மையத்தைக் கட்டுடைக்கப் போனவரும் மையத்தைச் சுற்றியே நடக்க வேண்டியிருக்கிறது.

அதே 2004இல் அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் எழுதிய திருப்பூர்க் கட்டுரை ஒன்று வந்தது. பானர்ஜிதான் பின்னால் 2019இல் நோபல் பரிசு வாங்கியவர். பனியன் தொழிலில் கவுண்டர்கள் நடத்தும் கம்பெனிகளையும் வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கம்பெனிகளையும் ஒப்பிட்டார்கள். போட்ட முதலில் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குத் திறமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, பணம் கிடைக்கிற வழி வேறு வேறாக இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று முடித்தார்கள். கணக்குப் போடுகிறவர்களே சொல்லிவிட்டார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. சொந்தத்தைத் தேடிப் போகிறது. அப்புறமும் பிளாட்பாரத்துப் புத்தகம் என் அக்கா மகனிடம், உன் மனசைப் பார் என்கிறது.

இந்த ஊர்ச் சுற்றுப்புறத்தில் தலித்துகள் இருக்கிற கிராமங்களுக்கே போய் எழுதியவர்களும் உண்டு. ஜூடித் ஹேயர் 1981-82இல் கோவை மாவட்டக் கிராமங்களுக்கு வந்தவர், 1996இலும் 2003-04இலும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார். தொழில் வளர்ந்தது, கூலி கூடியது, ஆனால் தலித்துகள் ஓரத்திலேயே நின்றார்கள் என்று எழுதினார். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் 2013இல் எழுதியவற்றில் இரண்டு ஊர்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் தலித் பையன்கள் பஸ் ஏறித் திருப்பூர் கம்பெனிக்குப் போகிறார்கள். பண்ணாடியின் பிடி தளர்கிறது. இன்னோர் ஊரில் விசைத்தறி. முன்பணம் வாங்கியவர்கள் தறியோடு கட்டுண்டு கிடக்கிறார்கள், திருப்பூர் பஸ் கண்ணுக்கு முன்னால் போகிறது. முன்பு ஆட்டுப் பட்டியில், இப்போது தறிக் கொட்டகையில். இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் தெருவைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தலித் தொழில்முனைவோர் பற்றிய புத்தகம் என்றால் 'டிஃபையிங் தி ஆட்ஸ்' (2014). தேவேஷ் கபூர், ஷியாம் பாபு, சந்திரபான் பிரசாத் மூவரும் எழுதியது. 21 பேரின் கதைகள். சந்தோஷமாகத்தான் படித்தேன். நம் ஆட்கள் பேக்டரி வைத்திருக்கிறார்கள், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள் என்றால் நெஞ்சு நிமிரத்தானே செய்யும். 2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூலியாக இருக்கும்வரைதான் நாம் தலித், முதலாளி ஆனால் துரோகி என்பது மேல்சாதி முற்போக்கின் சொகுசான நினைப்பு. ஆனால் அந்தப் புத்தகத்தின் வடிவம்? வறுமை, வைராக்கியம், வெற்றி. பிளாட்பாரத்துப் புத்தகத்தின் அதே மூன்று அங்கம். 2005 கணக்குப்படி நாட்டின் தொழில்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது 9.8 சதம், மக்கள்தொகையில் நம் பங்கு அதைவிட எவ்வளவோ கூட. அந்த இடைவெளிக்குள் என் அக்கா மகன் மாதிரிப் பதினாலு மாதத்தில் மிஷினை விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கதையை யாரும் புத்தகம் போடுவதில்லை.

பாபாசாகேப் இந்த வாசலில் நின்று திரும்பியவர்தான். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்து வந்த பிறகு பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆள் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை, மூட வேண்டியதாயிற்று. பங்குச் சந்தைக்கும் தீட்டு உண்டு. அவருக்கா ஏழு பழக்கம் குறைவு? நூலும் தறியும் சம்பந்தப்பட்ட நமக்கு இன்னொன்று முக்கியம். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். தறி நாடாவுக்குள் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும், மற்றச் சாதித் தொழிலாளி ஒப்ப மாட்டான். கூலி அதிகமுள்ள வேலை அதனால் மூடிக் கிடந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் பிரச்சினையாக்கினார். வேலைப் பிரிவினை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், சாதி என்பது வேலை செய்கிற ஆட்களையே தட்டுத்தட்டாகப் பிரிப்பது என்று அவர் எழுதியது ஏட்டுப் படிப்பிலிருந்து வந்ததல்ல. 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றி அவர் எழுதிய நூலை நம் ஆட்கள் சுவரொட்டியில் மட்டும் வைத்திருக்கிறோம். அவர் எழுத்துகள் தமிழில் 37 தொகுதிகளாக வந்திருக்கின்றன. பிளாட்பாரத்துக் கள்ள அச்சைவிட விலை பெரிதாகக் கூடவும் இல்லை. எங்கள் படிப்பகத்தில் அலமாரி நிறைய இருக்கின்றன. பொருளாதாரம் உள்ள தொகுதிகள் மட்டும் முனை மடங்காமல் புதுசாக இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தலைமை பற்றியும் ஒரு வார்த்தை. தலைமைப் பண்பு என்று அச்சடித்த எந்தப் புத்தகத்திலும் 1984 கிடையாது. அந்த வருசம் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம். நாலு மாதத்துக்கு மேல். அப்போது நான் சின்னப் பையன். சம்பளம் இல்லாத பதினெட்டு சனிக்கிழமைகளில் கடைக்காரனிடம் கடன் சொல்லி, அரிசிக்குப் பதில் கம்பு வாங்கி, ஆளுக்கு ஒரு வாயாகப் பங்கு வைத்தார்களே வளவுப் பெண்கள், அது எத்தனையாவது பழக்கம்?

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொன்னேன். படிப்பகத்துக்கே கூட்டிவந்து உட்கார வைத்தோம். சாரி சொன்னது, பானர்ஜி சொன்னது, பாபாசாகேபுக்கு நடந்தது எல்லாம் கேட்டான். கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் சாதின்னு சொல்லிட்டீங்கன்னா நான் என்னதானுங்க மாமா பண்றது? அந்தப் பொஸ்தகமாச்சும் எந்திரி, பண்ணுன்னு சொல்லுது. உங்க பொஸ்தகம் எதுனால தோத்தேன்னு மட்டுந்தான் சொல்லுது."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் எழுத்து வலியைச் சொல்லப் பழகிய அளவுக்கு வழியைச் சொல்லப் பழகவில்லை. ஒரு பீசுக்குத் தையல் கூலி, நூல், கரண்ட், வாடகை, டேமேஜ் எல்லாம் போக என்ன நிற்கும் என்று கணக்குப் போடச் சொல்லித் தருகிற ஒரு பக்கம் நம் பத்திரிகைகளில் வந்ததுண்டா? அதை எழுதினால் இலக்கியம் ஆகாது என்று யார் சொன்னது? 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர். விலையையே பேராக வைத்தவர் அவர்.

அதற்கப்புறம் நாங்கள் படிக்கிற வகை கொஞ்சம் மாறியது. இப்போது எங்கள் படிப்பகத்தில் அரசாணையும் சட்டமும் படிக்கிறோம். 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழிகாட்டுதலை மூன்று ஞாயிறு உட்கார்ந்து படித்தோம். 35 சதம் மானியம், எதற்கெல்லாம் கிடைக்கும், பேங்க் எந்த இடத்தில் தட்டிக்கழிக்கலாம் என்று. அப்புறம் 2006ஆம் வருசத்துச் சிறு குறு நடுத்தரத் தொழில்கள் சட்டம். அதில் ஒரு பிரிவு இருக்கிறது. பதிவு செய்த சின்னத் தொழில்காரரிடம் வேலை வாங்கினால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் பேங்க் வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அக்கா மகன் தொழில் தொடங்கியபோது அந்தச் சட்டம் வந்து பன்னிரண்டு வருசம் ஆகியிருந்தது. அவன் வைத்திருந்த ஏழெட்டுப் புத்தகத்தில் ஒன்றிலும் அது இல்லை. அவனுக்கு ஜாப் ஒர்க் கொடுத்தவர்களும் சொல்லவில்லை. அவன் பதிவும் செய்திருக்கவில்லை.

அந்தப் பிரிவைப் பென்சிலால் கோடு போட்டு இரண்டு தரம் படித்தான். விரல் விட்டு எண்ணினான். தனக்கு எந்தெந்த பில்லுக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து கேட்டான்:

"நாப்பத்தஞ்சு நாள்னு சட்டத்தக் காட்டிக் கேட்டா, அடுத்த லாட் குடுப்பாங்களா மாமா?"

எம்.ஏ. பையன் என்னைப் பார்த்தான். நான் செக்கிங் அக்காவைப் பார்த்தேன். அன்றைக்கு அதோடு புத்தகத்தை மூடினோம். அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினோம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.